இரும்பு ஏறாத உடம்பு: மாத்திரையும் டிரிப்ஸும் பயன்படுத்திப் பார்த்த முடக்குவாதக்காரியின் மதிப்புரை

ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்று ஒரு இரும்புச்சத்து மருந்து இருக்கிறது. சலைனில் கலந்து நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதை இரண்டு தவணையாகப் போட்டுக்கொண்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. மருந்து எப்படி வேலை செய்தது, எங்கே படுத்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் சாப்பிட்ட இரும்பு மாத்திரையைப் பற்றியும், எல்லாவற்றுக்கும் முதலில் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எனக்கு நேரம் வீணானது அங்கேதான்.

எனக்கு 52 வயது. பதினோரு வருடமாக முடக்குவாதம், அதாவது மூட்டுகளில் அழற்சி வருகிற ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது; இந்த விவரம் பின்னால் முக்கியமாகும். புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது வேலை. காலையில் விரல்கள் இறுகிப்போய் இருக்கும், பேனாவைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒன்று புதிதாக வந்தது. ஒரே வரியை மூன்று முறை படித்தும் அதிலிருக்கும் பிழை கண்ணில் படவில்லை. 'கறை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கரை' என்று அச்சாகி வந்துவிட்டது. இருபத்தைந்து வருட வேலையில் அப்படி நடந்ததில்லை. மாடிப்படி பதினெட்டு, பன்னிரண்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவேன். இரவில் படுத்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இன்னொன்று, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது: ஐஸ்கட்டியை எடுத்து எடுத்து மென்றுகொண்டிருந்தேன். ஒரு தட்டு முழுக்கக் காலியாகும் வரை விடமாட்டேன். இரும்புச்சத்துக் குறைவில் இந்த ஐஸ் ஆசை வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முடக்குவாதம் இருப்பவர்களுக்கு அசதி என்பது கூடவே இருக்கிற ஒன்று. அதனால் நானும் கேட்கவில்லை, யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. "மூட்டு நோய் இருந்தா இப்படித்தான்மா இருக்கும்" என்று பொது மருத்துவர் ஒருவர் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஐந்து மாதம் அப்படியே போயிற்று.

கடைசியில் என் கணவர்தான் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு, நாளைக்கே டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார். ஒரு பரிசோதனை நிலையத்தில் 'ரத்தசோகை பேக்கேஜ்' என்று ஒன்று இருந்தது. அதை எடுத்தோம்.

அந்தப் பேக்கேஜைப் பற்றி முதலில். ஹீமோகுளோபின் 9.1 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதனால் அந்த வரி மட்டும் சிவப்பில் இருந்தது. மற்றதெல்லாம் பச்சை. ரத்த அணுவின் சராசரி அளவு, அதாவது எம்.சி.வி., 82: நார்மல். சேமிப்பில் இருக்கிற இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 78: நார்மல். பி12 நார்மல். கீழே 'இரும்புச்சத்து இருப்பு போதுமானது' என்று ஒரு வரி வேறு. அதைப் படித்துவிட்டு, இரும்புக் குறைவு இல்லை என்றே முடிவு செய்துவிட்டோம்.

அந்த ஒற்றை வரி எனக்கு இரண்டு மாதத்தைத் தின்றது. பேக்கேஜில் என்ன இருந்தது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் குறை. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் இல்லை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இல்லை. முடக்குவாதம் உள்ளவருக்கு இந்த இரண்டும் இல்லாமல் ஃபெரிட்டினை மட்டும் தனியாகப் படிக்கவே முடியாது. பணம் கட்டும்போது எனக்கு என்ன நோய் என்று அவர்கள் கேட்கவும் இல்லை. பரிசோதனை என்ற அளவில் எண்கள் சரிதான், மறுபடி எடுத்தபோதும் கிட்டத்தட்ட அதேதான் வந்தது. ஆனால் எண்களுக்குக் கீழே தானாக அச்சாகிற அந்தத் தீர்ப்பு வரியை நம்பாதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பேக்கேஜை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

முடக்குவாத மருத்துவரிடம் அடுத்த முறை போனபோது அந்தத் தாளை நீட்டினேன். அவர் தாளைத் திருப்பிப் பார்க்காமலே கேட்டார்: "சி.ஆர்.பி. எங்கே?" இல்லை என்றேன். அங்கேயே எடுக்கச் சொன்னார். சி.ஆர்.பி. 34 வந்தது, அதாவது உடம்புக்குள் அழற்சி நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. சீரம் இரும்பு 28, மொத்த இரும்புப் பிணைப்புத் திறன் 310. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 9 சதவீதம். அதுதான் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். 20-க்குக் கீழே போனாலே எலும்பு மஜ்ஜைக்கு இரும்பு போதவில்லை என்று அர்த்தம், எனக்கு 9.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் உடம்பில் மொத்தமாக மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம். ஆனால் புது ரத்த அணுக்கள் செய்ய ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது என்றால், 120 நாள் வாழ்ந்து முடிந்த பழைய சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்கி, அதிலிருக்கும் இரும்பை எடுத்துத் திரும்பக் கொடுக்கின்றன. ஆக, நாம் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பழைய இரும்பில்தான்.

முடக்குவாதத்தில் அந்தத் திரும்பக் கொடுக்கிற வேலை நின்றுபோகிறது. மூட்டில் அழற்சி இருக்கும்போது இன்டர்லூகின்-6 என்ற பொருள் ரத்தத்தில் கூடுகிறது. அது கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியே வர ஒரே ஒரு வாசல்தான் உண்டு, அதன் பெயர் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் போய் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டு அதையே அழித்துவிடுகிறது. மேக்ரோஃபேஜுக்குள் இரும்பு அடைபட்டுக் கிடக்கும். குடல் செல்களிலும் அதே வாசல்தான் என்பதால், சாப்பிடுகிற இரும்பும் ரத்தத்துக்கு வராமல் குடலிலேயே தங்கி, அந்தச் செல் உதிரும்போது வெளியே போய்விடும். கிருமிகளுக்கும் வளர இரும்பு வேண்டும். அதை அவற்றின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க உடம்பு செய்து வைத்திருக்கிற ஏற்பாடு இது. தொற்று நான்கு நாளில் போய்விட்டால் நல்லதுதான். முடக்குவாதம் வருடக்கணக்கில் இருக்கிறது, பூட்டும் வருடக்கணக்கில் இருக்கிறது.

ஃபெரிட்டின் ஏன் ஏமாற்றியது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஃபெரிட்டின் இரும்பைச் சேமிக்கிற புரதம். ஆனால் அழற்சி இருந்தாலே அது தானாகவும் ஏறும். அழற்சி இல்லாத ஒருவருக்கு 30-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். அழற்சி இருப்பவருக்கு 100-க்குக் கீழே, கூடவே சாச்சுரேஷனும் 20-க்குக் கீழே என்றால், உண்மையாகவே இரும்புக் குறைவும் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். என் 78 பச்சையில் இருந்திருக்கக் கூடாது.

அந்த எம்.சி.வி. 82-ம் அப்படித்தான். இரும்பு குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். நான் மூட்டு நோய்க்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். அது அணுக்களைப் பெரிதாக்கும் பக்கம் இழுக்கும். இரண்டும் சேர்ந்து சராசரி எடுத்தால் நார்மல் என்று வந்துவிடுகிறது. சிறியதும் பெரியதுமாகக் கலந்திருப்பதைக் காட்டுகிற ஆர்.டி.டபிள்யூ. எனக்கு 18-க்கு மேல் இருந்தது. தாளில் அதுவும் ஒரு மூலையில் இருந்திருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், என்னவென்று தெரியாததால் தாண்டிப் போயிருக்கிறேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "வலிக்கு நீங்களா ஏதாவது மாத்திரை போட்டுக்கிறீங்களா?"

போட்டுக்கொண்டுதான் இருந்தேன். டைக்ளோஃபினாக். மெய்ப்புக் கெடு நெருங்கினால் ஒரு நாளைக்கு இரண்டு, சில நாள் மூன்று. கூடவே சிறிய அளவில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பைக்கு ஆபத்து பல மடங்கு. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனை பாசிட்டிவ் வந்தது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புக் குறைவு என்றால் ரத்தம் எங்கே போகிறது என்று தேடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லி எண்டோஸ்கோபிக்கும் பெருங்குடல் பரிசோதனைக்கும் அனுப்பினார். குடல் நன்றாக இருந்தது. இரைப்பையில் வரிசையாகச் சிறு புண்கள். வயிற்று வலி ஒருநாளும் இருந்ததில்லை எனக்கு. வலி மாத்திரையே அந்த வலியையும் மறைத்திருக்கலாம் என்றார்.

ஆக என்னுடையது இரண்டு ரத்தசோகை. ஒன்று, அழற்சியால் இரும்பு பூட்டிக்கிடப்பது. இன்னொன்று, புண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து இரும்பே குறைந்துபோவது. முதலாவதற்கு இரும்பு மருந்து பெரிதாக உதவாது, மூட்டு நோயை அடக்கினால்தான் சரியாகும். இரண்டாவதற்கு இரும்பு வேண்டும். இந்த மருந்தைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக நீங்கள் கேள்விப்படுகிற கதைகளில் பாதி, சொல்பவருக்கு இருந்தது எந்த வகை என்று தெரியாததால் வருவது. என் மதிப்பெண்ணையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டைக்ளோஃபினாக் நிறுத்தப்பட்டது. புண் ஆற பான்டோபிரசோல் தொடங்கப்பட்டது. மெத்தோட்ரெக்ஸேட் அளவு ஏற்றப்பட்டது. கூடவே இரும்பு மாத்திரை.

மாத்திரை ஃபெரஸ் சல்ஃபேட், ஒன்றில் 65 மில்லிகிராம் இரும்பு. மிகப் பழைய மருந்து, எங்கும் கிடைக்கும், சாதாரண இரும்புக் குறைவுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. முதல் மூன்று வாரம் தினமும் சாப்பிட்டேன். வாயில் நாணயத்தை வைத்துக்கொண்ட மாதிரி ஒரு ருசி நாள் முழுக்க. மலச்சிக்கல், குமட்டல். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார்கள். ஒரு மாத்திரை சாப்பிட்டால் அதற்கே ஹெப்சிடின் ஏறி அடுத்த ஒரு நாளைக்கு உறிஞ்சுவதைக் குறைக்கிறதாம். இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைப்பது கூடுகிறது என்று 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. மாற்றியதும் வயிறு நிம்மதியானது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேர்க்கவில்லை, இரண்டு மணி நேரம் தள்ளித்தான். ஒழுங்காகச் சாப்பிட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலன் வராதபோது முதலில் நம்மைத்தான் சந்தேகிப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். அது சாதாரணம். ஆனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். தார் மாதிரி பிசுபிசுப்பாக, பளபளப்பாக, கடுமையான நாற்றத்தோடு போனால் அது மாத்திரையின் நிறம் இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் 'கறுப்பாகலாம்' என்று மட்டும்தான் போட்டிருந்தது. வலி மாத்திரை சாப்பிடுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அது போதாது.

மூன்று மாதம் முடிந்து பார்த்தால் ஹீமோகுளோபின் 9.4. 9.1-லிருந்து 9.4. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மருத்துவருக்கு ஆச்சரியமில்லை. குடல் வாசல் ஹெப்சிடினால் பாதி மூடியிருக்கிறது; புண் ஆற வேண்டுமென்று கொடுத்த பான்டோபிரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைப்பதால் இரும்பு கரைவதும் குறைகிறது. சாப்பிட வேண்டிய மருந்தே தடையாக இருக்கிறது, நிறுத்தவும் முடியாது. "குடலைச் சுத்திக்கிட்டுப் போயிடலாம்மா, நேரா ரத்தத்துல ஏத்திடுவோம்" என்றார்.

மாத்திரைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மாத்திரை மோசம் என்பதால் இல்லை, என் நிலைமைக்கு அது பொருந்தவில்லை. அழற்சி அடங்கியிருந்து, அமிலக் குறைப்பு மருந்து இல்லாமல் இருந்தால் இதே மாத்திரைக்கு நான்கு கொடுத்திருப்பேன். நடுவில் ஒரு உறவுக்காரர் அன்பாக வாங்கிக் கொடுத்த இரும்பு டானிக்கும் ஒன்று உண்டு. இரும்பின் அளவு மாத்திரையைவிடக் குறைவு, பல்லில் கறை, அதுவும் அதே குடல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது டிரிப்ஸ்.

எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று என் முன்னாலேயே தாளில் கணக்குப் போட்டார். எடையை, வேண்டிய ஹீமோகுளோபினுக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டுவது. நான் 54 கிலோ. 15-லிருந்து 9.4 போனால் 5.6. எல்லாம் சேர்த்து 1226 மில்லிகிராம் வந்தது. ஆனால் இந்த மருந்துக்கு என்று தனியாக ஒரு எளிய அட்டவணை இருக்கிறது. 35-லிருந்து 70 கிலோவுக்குள், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே என்றால் 1500. அதையே எடுத்துக்கொண்டார். முதல் நாள் 1000, ஒரு வாரம் கழித்து 500. ஒரே தடவையில் 1000-க்கு மேல் ஏற்ற மாட்டார்கள். பழைய அயர்ன் சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம்தான், ஏழெட்டு முறை போக வேண்டியிருக்கும். மணிக்கட்டு வீங்கிய கையை ஏழெட்டு முறை ஊசிக்கு நீட்டுவதை நினைத்தால், இந்த மருந்தின் பெரிய வசதியே இரண்டு முறையில் முடிந்துவிடுவதுதான்.

காய்ச்சல், இருமல், சிறுநீர்த் தொற்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் தேதி கொடுத்தார்கள். தொற்று இருக்கும்போது ஏற்றக் கூடாது. முடக்குவாத மருந்துகளால் எதிர்ப்பு சக்தி குறைந்திருப்பவர்கள் இதைத் தாங்களாகவே சொல்லிவிட வேண்டும்.

டே கேர் பிரிவில் எனக்கு ஊசி குத்திய நர்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் வலது மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வேணாம்மா, வீக்கமா இருக்கு, அசைஞ்சா வெளிய கசிஞ்சிடும்" என்று முன்கையில் நரம்பு தேடினார். இந்த மருந்து நரம்பை விட்டு வெளியே தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை படியும், சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். அதனால் முதலில் வெறும் சலைனை ஏற்றி, "எரியுதாம்மா? உப்புதா?" என்று இரண்டு முறை கேட்டார். "இல்ல சிஸ்டர்" என்ற பிறகுதான் மருந்தை மாட்டினார். இருபது மில்லி மருந்து, துருவைக் கரைத்த மாதிரி அடர்ந்த பழுப்பு. சலைன் பையில் அதைச் செலுத்தியபோது ஒரு நூல் போல இறங்கி, கீழே போய்ச் சுருண்டு, அப்புறம் மெல்ல மெல்லப் பை முழுக்கப் பழுப்பாக மாறியது. பதினைந்து நிமிடம். நான் கொண்டுபோன மெய்ப்பில் மூன்று பக்கம் முடிப்பதற்குள் பை காலி. முடிந்து அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும் என்பதால் இது கட்டாயம். அவசர மருந்துத் தட்டு என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தபோது பயமாக இல்லை, தைரியமாகத்தான் இருந்தது.

இரண்டாவது தடவை தொடங்கி இரண்டே நிமிடத்தில் முகம் சூடாகிச் சிவந்தது, நெஞ்சை யாரோ இறுக்குகிற மாதிரி ஒரு பிடிப்பு. கையை உயர்த்தினேன். உடனே நிறுத்தினார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. மூச்சிரைப்பு இல்லை, உடம்பில் தடிப்பு இல்லை. பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்கச் சொன்னார், பிரச்சினை இல்லாமல் முடிந்தது. நரம்பு வழி இரும்பில் இப்படி ஒரு லேசான எதிர்வினை உண்டு, ஆபத்தான ஒவ்வாமை வேறு, இது வேறு என்று பிறகு விளக்கினார்கள். ஆனால் எது எது என்று முடிவு செய்ய வேண்டியது அவர்கள்தான். நமக்கு ஏதாவது தோன்றினால் அந்த வினாடியே கையைத் தூக்க வேண்டும்.

சேவையில் ஒரு குறை. ஒப்புதல் படிவத்தை ஊசி குத்தி முடித்த பிறகு நீட்டினார்கள். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பேனா பிடிக்க முடியாத விரல்கள். நான்கு பக்கத்தையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அந்த நான்கு பக்கத்தில் நான் படித்திருக்க வேண்டிய ஒரு வரி இருந்திருக்கிறது: பாஸ்பேட்.

இரண்டாவது தவணை முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் உடம்பு முழுக்க ஒரு வலி ஆரம்பித்தது. தொடையில், இடுப்பில், விலா எலும்பில். நாற்காலியிலிருந்து எழும்போது தொடை ஒத்துழைக்கவில்லை. மூட்டு நோய் மறுபடி கிளம்பிவிட்டது என்று நினைத்து, பயந்து, பிரட்னிசோலோனை நானே கூட்டிக்கொள்ளலாமா என்று வரைக்கும் யோசித்தேன். ஆனால் விரல்களில் வீக்கமில்லை. காலை இறுக்கம் அரை மணி நேரம்தான். எங்கேயோ பொருந்தவில்லையே என்று மருத்துவருக்கு ஃபோன் செய்தேன். நல்லவேளை செய்தேன். எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய பாஸ்பேட் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 2.5-க்கு மேல் இருக்க வேண்டியது 1.9 இருந்தது.

இந்த மருந்தின் உண்மையான பலவீனம் இதுதான். இது எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது, அது சிறுநீரகத்தை பாஸ்பேட்டை வெளியே தள்ள வைக்கிறது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் தானாகச் சரியாகிவிடும். சிலருக்குத் தசை பலவீனம், எலும்பு வலி. திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பே மென்மையாகிற அளவுக்கும் போகலாம். 2020-ல் வெளிவந்த இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகளில், இந்த மருந்து ஏற்றியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு பாஸ்பேட் குறைந்திருந்தது. ஃபெரிக் டெரிசோமால்டோஸ் என்ற இன்னொரு மருந்தில் அது 8 சதவீதம் அளவில்தான். இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தால் அந்த மருந்து கிடைக்குமா என்று நான் கேட்டிருப்பேன்.

மற்றவர்களுக்கு இது ஒரு பக்கவிளைவு, அவ்வளவுதான். முடக்குவாதம் உள்ளவருக்கு அது அப்படியே நோய் கிளம்பின மாதிரி வேஷம் போடும். அதை நம்பி ஸ்டீராய்டைக் கூட்டினால் எலும்புக்கு இன்னும் கேடு. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். எனக்கு வைட்டமின் டி-யும் குறைவாக இருந்தது, அதைக் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் பாஸ்பேட் 2.7-க்கு வந்தது, வலியும் அதோடு போயிற்று.

சரி, பலன். முதலில் போனது ஐஸ் ஆசை. இரண்டே வாரத்தில், நான் கவனிக்காமலே. ஐஸ் தட்டு நிறைந்தே இருப்பதை என் மகள்தான் பார்த்துச் சொன்னாள். இரவில் கால் அசைவது குறைந்தது. ஹீமோகுளோபினை உடனே பார்க்க அவசரப்பட்டேன், மருத்துவர் தடுத்தார். ஏற்றிய உடனே ஃபெரிட்டின் தாறுமாறாக உயர்ந்து காட்டும், குறைந்தது நான்கு வாரம் பொறுக்க வேண்டும். எட்டாவது வாரம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 11.6. சாச்சுரேஷன் 24. ஃபெரிட்டின் 240. சி.ஆர்.பி. 9.

அந்தக் கடைசி எண்ணை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் டிரிப்ஸுக்குப் புகழ் கொடுத்தால் அது நியாயமில்லை. மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றியதில் அழற்சி இறங்கியது. அழற்சி இறங்கியதால் பூட்டு தளர்ந்தது. அதனால்தான் ஏற்றிய இரும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அழற்சி அடங்காமல் இரும்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் அதுவும் மேக்ரோஃபேஜுக்குள் போய் அடைபடும். இன்டர்லூகின்-6-ஐயே தடுக்கிற டோசிலிசுமாப் போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கு இரும்பே கொடுக்காமல் ஹீமோகுளோபின் ஏறுவது உண்டு என்றார் மருத்துவர். இன்னொன்றும் சொன்னார்: ரத்தசோகை இருந்தாலே, அழற்சியைப் பார்க்கிற இன்னொரு பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். கூடுதலாகக் காட்டும். என் ஈ.எஸ்.ஆர். 62-லிருந்து 28-க்கு இறங்கியதில் எவ்வளவு மூட்டால், எவ்வளவு ரத்தத்தால் என்று பிரிக்க முடியாது. அதனால் அவர் சி.ஆர்.பி.யைத்தான் நம்புகிறார், நானும் இப்போது அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

டிரிப்ஸுக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். குறைத்த ஒன்று பாஸ்பேட்டுக்கு. குத்திய நர்ஸுக்கு ஐந்துக்கு ஐந்து, ஒப்புதல் படிவம் கொடுத்த விதத்துக்கு ஒன்று. அசதிக்கு டானிக் மாதிரி இதைப் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் இரண்டு பேர். சாச்சுரேஷன் எவ்வளவு என்று கேட்டேன், இருவருமே அதை எடுத்திருக்கவில்லை. ஒருவருக்கு அது 31 வந்தது. அவருக்கு இரும்பே தேவையில்லை, அசதிக்குக் காரணம் தைராய்டு.

பதினெட்டுப் படியையும் நிற்காமல் ஏறுகிறேன். அசதி முழுக்கப் போகவில்லை. மதியம் மூன்று மணிக்கு வருகிற அந்தப் பழைய அசதி இன்னும் வருகிறது, அது மூட்டு நோயினுடையது, அதை எனக்கு நன்றாகத் தெரியும். வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருப்பதில்லை. போன மாதம் ஹீமோகுளோபின் 12.2. அடுத்த பரிசோதனைக்கு ஃபெரிட்டின், சாச்சுரேஷன், சி.ஆர்.பி. மூன்றையும் ஒரே நாளில் எடுக்க எழுதி வாங்கியிருக்கிறேன், நான்காவதாக பாஸ்பேட்டையும் சேர்த்து.